விளிம்பின் நிறமும் முதுகின் தையலும்: இளையோர் ஃபேன்டசி நாவல்களின் சிறப்புப் பதிப்புகள் குறித்து ஒரு மதிப்பீடு

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளியாகும் இளையோர் ஃபேன்டசி நாவல்களைச் சிறப்புப் பதிப்புகளாக வாங்கிச் சேர்ப்பது கடந்த பத்தாண்டுகளில் தனியொரு சந்தையாகவே வளர்ந்துவிட்டது. பக்கங்களின் விளிம்பில் நிறமோ ஓவியமோ இருக்கும்; மேலுறையைக் கழற்றினால் உள்ளே கெட்டி அட்டையின் மேல் பொன்னிற ஃபாயில் வேலைப்பாடு தெரியும்; அட்டையைத் திறந்தவுடன் இரு பக்கமும் வண்ண ஓவியம் அச்சிட்ட ஒட்டுத்தாள், அதையடுத்து நூலாசிரியரின் கையெழுத்து, பக்க அடையாளத்துக்கு ஒரு நாடா. இவையெல்லாம் கூடிய ஒரு புத்தகத்தைத்தான் இந்தச் சந்தை சிறப்புப் பதிப்பு என்று விற்கிறது. சில ஆண்டுகளாக இவற்றை வாங்கியும் படித்தும் வருகிற வாசகன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிப்புகள் பெரும்பாலானவற்றில் செலவு போகும் இடம் விளிம்பும் அட்டையும்தான். புத்தகத்தைப் பல ஆண்டுகள் தாங்கி நிற்கச் செய்யும் முதுகும் தாளும் சாதாரணப் பதிப்பில் உள்ளவையே. அழகுக்காக வாங்குவதில் தவறேதுமில்லை. ஆனால் ஆயுளுக்காக வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு அழகை வாங்குவது வீண் செலவு.

எந்த நாவலுக்கு இந்த அலங்காரம் பொருந்துகிறது என்பதைப் பேசாமல் பதிப்பை மட்டும் மதிப்பிட முடியாது என்பதால், நான் நன்கு அறிந்த ஒரு நூலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். லீ பார்டுகோ எழுதி 2015இல் வெளியான 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்', 2016இல் வெளியான 'க்ரூக்கட் கிங்டம்' என்னும் இரண்டாம் பாகத்தோடு முடியும் கதை. பழைய ஆம்ஸ்டர்டாமை நினைவூட்டும் கெட்டர்டாம் என்ற துறைமுக நகரம். வணிகத்தையே தெய்வமாகக் கும்பிடும் மக்கள். அந்நகரின் இருண்ட பகுதியில் வளர்ந்த காஸ் பிரெக்கர் என்ற ஊன்றுகோல் தாங்கிய இளைஞன், தன்னோடு ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, வடக்கே ஃபியெர்டா நாட்டில் எவராலும் நுழைய முடியாது என்று சொல்லப்படும் பனிக்கோட்டையிலிருந்து ஒரு கைதியை வெளியே கொண்டுவரப் புறப்படுகிறான். கூலி மூன்று கோடி க்ரூகெ. கட்டமைப்பில் இது ஒரு கொள்ளைக் கதை. மந்திரம் அதில் ஒரு கருவி மட்டுமே. மாயசக்தி உள்ளவர்களின் ஆற்றலைப் பன்மடங்காக்கி, அதே வேகத்தில் அவர்களை அடிமையாக்கி அழிக்கும் ஒரு போதைப்பொருள்தான் கதையின் அச்சாணி என்பதால், இங்கே மந்திரத்துக்கு எப்போதும் ஒரு விலை இருக்கிறது. இந்த வகை நாவல்களில் எனக்குப் பிடித்தது இந்தக் கணக்குதான்: சக்திக்கு எல்லை உண்டு, எல்லையைத் தாண்டினால் தண்டம் உண்டு, அதை ஆசிரியர் நடுவழியில் மறந்துவிடுவதில்லை.

கதை சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. ஆறு பேரில் ஐந்து பேரின் பார்வையில் அத்தியாயங்கள் மாறி மாறி வருகின்றன; ஆறாமவனான வைலனுக்கு முதல் பாகத்தில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. படிக்கும்போது இது குறையாகத் தோன்றினாலும், கடைசிப் பக்கங்களை எட்டும்போது அவன் மனத்துக்குள் நம்மை அனுமதிக்காதது எவ்வளவு வசதியாயிற்று என்பது விளங்கிவிடும். ஒரேயொரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். இவர்களுக்குப் பதினாறு முதல் பதினெட்டு வயது என்று நூல் சொல்கிறது. ஆனால் காஸ் பேசுவதும் திட்டமிடுவதும் நாற்பது வயதுத் தாதாவைப் போலத்தான் இருக்கின்றன. 'இளையோர்' என்ற முத்திரை புத்தக அலமாரியின் வசதிக்காக வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. வாங்குபவர்களும் அப்படித்தான். பௌக்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2012இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இளையோர் நூல்களை வாங்குபவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதைக் கடந்தவர்கள் என்றும், அவர்களில் பெரிய பிரிவு 30 முதல் 44 வயது வரையிலானவர்கள் என்றும் தெரியவந்தது. பொன்னிற ஃபாயிலுக்கும் கையெழுத்துக்கும் கூடுதல் பணம் தரக்கூடியவர்கள் இந்த வயதினர்தான்; சிறப்புப் பதிப்புச் சந்தை அவர்களை நம்பியே எழுந்து நிற்கிறது.

இனி புத்தகத்தின் உடலுக்கு வருவோம். 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' நூலின் கெட்டி அட்டைப் பதிப்பு தொடக்கத்திலேயே கறுப்பு விளிம்போடு வந்தது. இரண்டாம் பாகம் சிவப்பு விளிம்போடு வந்தது. இன்றைய பல சிறப்புப் பதிப்புகளைப் போல மாதச் சந்தா கட்டித்தான் பெற வேண்டும் என்ற தேவையில்லை, எந்தக் கடையில் வாங்கினாலும் கிடைத்தது. நள்ளிரவிலும் நிலவறையிலும் நடக்கிற ஒரு கதைக்கு அந்தக் கறுப்பு மிகப் பொருத்தம். 460க்கும் மேற்பட்ட பக்கங்கள் மூடியிருக்கும்போது ஒரு கரிக்கட்டியாகத் தெரிகின்றன, விரித்தவுடன் வெள்ளைத்தாளைச் சுற்றி மெல்லிய துக்கக்கோடாகத் தெரிகின்றன. நூலின் தொடக்கத்தில் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன: ஒன்று அந்தக் கற்பனை உலகத்தினுடையது, மற்றொன்று பனிக்கோட்டையின் வட்ட வட்டமான மதில்களைக் காட்டுவது. கொள்ளைக் கதையில் யார் எந்த வாயிலில் நிற்கிறார், எந்த மணி அடித்தால் எந்தக் கதவு மூடும் என்று தெரியாவிட்டால் பதற்றமே ஏறாது. ஆகையால் இந்த இரண்டாம் படத்தை வாசகர் திரும்பத் திரும்பப் புரட்டுவார். இதற்காகவே ஒட்டுத்தாளில் வரைபடத்தை அச்சிடும் பதிப்புகளை நான் மேலாக மதிக்கிறேன். அட்டையைத் திறந்தவுடன் விரல் அங்கே போய்விடும். பக்கம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் இன்றைய சிறப்புப் பதிப்புகளில் அந்த இடத்தை வரைபடத்துக்குத் தருவது குறைந்துவருகிறது. அங்கே பெரும்பாலும் நாயகனும் நாயகியும் முத்தமிடப்போகும் நொடியில் நிற்கிறார்கள், அல்லது வாளேந்திய ஒருவர் காற்றில் அங்கி பறக்க நம்மைப் பார்க்கிறார். ஓவியர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நாவலின் முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே ஒரு பாத்திரத்தின் முகம் கண்ணில் பதிந்துவிட்டால், பின்னர் ஆசிரியர் எத்தனை நயமாக வருணித்தாலும் அந்த முகத்தை மாற்ற முடியாது. இந்த விஷயத்தில் 2018இல் வெளியான 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' சேகரிப்பாளர் பதிப்பை விதிவிலக்காகக் கருதலாம். சிவப்பு விளிம்பு, நாடா, ஆசிரியரின் கடிதம் ஆகியவற்றோடு கெவின் வாடா வரைந்த ஆறு முழுவண்ண உருவச் சித்திரங்களும் அதில் உண்டு. நூல் வெளியாகி மூன்றாண்டுகள் கழித்து, ஏற்கெனவே படித்து முடித்தவர்களுக்காக வந்த பதிப்பு அது என்பதால், அந்தச் சித்திரங்கள் கற்பனைக்கு முட்டுக்கட்டையாக வந்து நிற்பதில்லை. நமக்குத் தெரிந்தவர்களை இன்னொருவர் எப்படிப் பார்த்தார் என்று ஒப்பிட்டு மகிழ வைக்கின்றன.

விளிம்பை அலங்கரிப்பது புதிய தந்திரம் என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பெல்லூனோ பகுதியில் வாழ்ந்த பில்லோனே குடும்பத்தின் நூலகத்துக்காக, புகழ்பெற்ற டிஷியனின் உறவினரான செசாரே வெச்செல்லியோ என்ற ஓவியர் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களின் விளிம்புகளில் உருவங்களைத் தீட்டினார். அன்று புத்தகங்களை முதுகு உள்ளேயும் விளிம்பு வெளியேயும் இருக்குமாறு அடுக்கினார்கள். ஆகவே விளிம்பில் இருந்த ஓவியம்தான் புத்தகத்தின் முகம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் நகரத்து எட்வர்ட்ஸ் குடும்பத்தார், பக்கங்களைச் சற்றே சாய்த்து விரித்தால் மட்டும் தென்படும் மறைவான நிலக்காட்சிகளை வரைந்து, மேலே தங்கமுலாம் பூசி மூடினார்கள். மேல்விளிம்பில் பூசிய முலாமுக்கு ஒரு பயனும் இருந்தது: தூசியும் ஈரமும் பக்கங்களுக்குள் எளிதில் இறங்கவிடாது. இன்று நாம் முதுகை வெளியே காட்டி அடுக்குகிறோம். வாங்கிய விளிம்போவியம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் சேகரிப்பாளர்கள் படம் பிடிக்கும்போது மட்டும் புத்தகங்களைத் திருப்பி வைக்கிறார்கள் போலும்.

இன்றைய விளிம்பு எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தரத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஓரம் வெட்டப்பட்ட புத்தகக்கட்டுகளை அடுக்கி இறுக்கிப் பிடித்து, அவற்றின் மேல் நிறம் தெளிக்கிறார்கள். உருவம் வேண்டுமென்றால் அச்சுத்தகட்டை மறைப்பாக வைத்துத் தெளிக்கிறார்கள். பல வண்ணப் படம் வேண்டுமென்றால் இப்போது விளிம்பின் மேலேயே டிஜிட்டல் முறையில் அச்சிடுகிறார்கள். பிடி தளர்ந்திருந்தால் நிறம் பக்கத்துக்குள் கசிந்து, எழுத்துக்கு அருகில் கறையாக நிற்கும். புதிய புத்தகத்தை முதன்முதலில் விரிக்கும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்து மெல்லிய சடசடப்போடு பிரிவது இயல்பு. அதை அவசரப்பட்டு இழுத்தால் விளிம்பில் வெள்ளைக் கீறல்கள் விழும். பத்துப் பத்துப் பக்கங்களாகக் கட்டைவிரலால் தளர்த்திவிட்டுப் படிக்கத் தொடங்குவது நல்லது. நல்ல வேலைப்பாடு என்றால் புத்தகம் முழுவதும் மூடியிருக்கையில் உருவம் உடையாமல் தெரிய வேண்டும். ஒரு பக்கம் படித்துத் திறந்து மூடிய பிறகும் கோடுகள் படிக்கட்டாக நகர்ந்திருக்கக் கூடாது. அப்படி நகர்ந்தால் குற்றம் விளிம்பில் இல்லை, முதுகில் இருக்கிறது.

முதுகில்தான் என் முக்கியமான வாதம் இருக்கிறது. அச்சகத்தார் பாரம் என்று சொல்லும் பதினாறு பக்க அல்லது முப்பத்திரண்டு பக்க மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலால் தைத்துக் கட்டுவது பழைய முறை. மடிப்புகளின் முதுகைச் சில மில்லிமீட்டர் சீவிவிட்டு, தனித்தாள்களாக்கிப் பசையால் ஒட்டுவது இன்றைய மலிவான முறை. கெட்டி அட்டைக்குள் இருப்பதாலேயே ஒரு புத்தகம் தைக்கப்பட்டது என்று நம்பக் கூடாது. இளையோர் ஃபேன்டசியில் நான் பிரித்துப் பார்த்த கெட்டி அட்டைகளில் பெரும்பாலானவை பசைக்கட்டுதான். சோதிப்பது எளிது. புத்தகத்தை மேலிருந்து பார்த்தால், தைத்த கட்டில் தாள்கள் சிறு சிறு கொத்துகளாக வளைந்து தெரியும். பசைக்கட்டில் ஒரே நேர்க்கோடாகத் தெரியும். இதில் ஓர் ஏமாற்றும் உண்டு: மடிப்புகளைச் சீவாமல் கீறிவிட்டுப் பசையூட்டும் முறையிலும் கொத்துகள் தெரியும். ஆகையால் ஒரு கொத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து, மடிப்பின் ஆழத்தில் நூல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நூல் இருந்தால் மேசையில் விரித்து வைத்தவுடன் புத்தகம் தானாகப் படுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும், அந்த அழுத்தத்தில் முதுகு ஒருநாள் விரிசல் விடும். முதுகின் மேலும் கீழும் தெரியும் கோடுபோட்ட துணிப்பட்டையைப் பார்த்துப் பலர் தையல் என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மையிலேயே கட்டை இறுக்கிப் பிடித்த தையல். இன்று மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டி ஒட்டும் அலங்காரம்.

இதைச் சொல்லும்போது, 1950களில் 'கல்கி' வார இதழில் வந்த தொடர்கதைகளை மணியத்தின் ஓவியங்களோடு கிழித்துச் சேர்த்து, தெருவோர பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வைத்திருந்த நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவற்றின் தாள் பழுத்துப்போனது, ஓரம் உதிர்ந்தது; ஆனால் பல வீடுகளில் அந்தக் கட்டுகள் இன்றும் பிரியாமல் இருக்கின்றன. சேகரிப்பாளர் பதிப்பு என்ற பெயர் எதுவும் அவற்றுக்கு இல்லை.

அட்டைக்கு வருவோம். மேலுறைக்கு உள்ளே கெட்டி அட்டையில் அச்சாகும் ஃபாயில் ஓவியம் இந்தப் பதிப்புகளின் பெருமை; கல்யாணப் பத்திரிகையின் பொன்னெழுத்துப் போலவே முதல் பார்வைக்குப் பளபளக்கும், நாலு கை மாறினால் உதிரத் தொடங்கும். வியர்வைக் கையோடு படிக்கும் ஊர்க்காரர்களாகிய நாம் படிக்கும்போது மேலுறையைக் கழற்றி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. பல பதிப்புகளில் மேலுறையைத் திருப்பிப் போட்டால் உட்புறத்தில் வேறோர் ஓவியம் இருக்கும். அழகாக இருந்தாலும் ஒருமுறை பார்த்தபின் யாரும் திருப்புவதில்லை. கையெழுத்து விஷயத்தில் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. ஆசிரியர்கள் பொதுவாகத் தனித்தாள்களில் கையெழுத்திட்டு அனுப்ப, அவற்றைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அது உண்மையான கையெழுத்தே. ஆனால் சில பதிப்புகளில் கையெழுத்தை அச்சிட்டுவிடுகிறார்கள். விற்பனை விவரத்தில் அதைச் சொல்லியும் இருப்பார்கள், நாம்தான் அவசரத்தில் படிப்பதில்லை. பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் பேனா மையின் அழுத்தமும் தடிப்பும் தெரியும்; அச்சில் அவை இரா.

இந்தப் பதிப்புகளைப் பெறுவதற்கான முக்கிய வழி மாதச் சந்தா. பிரிட்டனில் 2015இல் தொடங்கிய இல்லுமிக்ரேட், 2016இல் தொடங்கிய ஃபேரிலூட், கனடாவின் அவுல்க்ரேட் ஆகியவை இத்துறையில் நன்கு அறியப்பட்டவை. தொடக்கத்தில் இவை புத்தகத்தோடு மெழுகுவர்த்தி, காலுறை, பதக்கம், தேயிலை, ஓவிய அட்டை என்று ஒரு பெட்டியையே அனுப்பின. இப்போது புத்தகம் மட்டும் போதும் என்பவர்களுக்கான சந்தாவும் இருக்கிறது. அதையே எடுங்கள் என்பது என் பரிந்துரை. பெட்டியில் வரும் பொருள்கள் பெரும்பாலும் அந்த மாதப் புத்தகத்துக்குச் சம்பந்தமில்லாத வேறு நாவல்களைக் கருப்பொருளாகக் கொண்டவை. படிக்காத கதையின் பெயர் பொறித்த மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சந்தாவின் பெரிய பலவீனம் வேறு. மாதப் புத்தகத்தைப் பெரும்பாலும் அது வெளியாவதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வாசகர் எவரும் படித்துத் தீர்ப்புச் சொல்லாத நாவலுக்கு மிக ஆடம்பரமான உடை தைத்தாகிவிடுகிறது. தேர்வு பலிக்கும் மாதங்களில், பின்னர் பேசப்படப் போகும் ஒரு நாவலின் முதல் அச்சு நம் கையில் இருக்கும். பலிக்காத மாதங்களில், நூறு பக்கத்துக்கு மேல் நகராத ஒரு கதை ஊதா விளிம்போடு அலமாரியில் உட்கார்ந்திருக்கும். தொடர் நாவல்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. முதல் பாகத்தைச் சந்தாவில் தந்தவர்கள் இரண்டாம் பாகத்தையும் அதே வடிவில் தருவார்கள் என்பதற்கு எப்போதும் உறுதியில்லை. தந்தாலும் உயரம் அரை விரல் மாறியிருக்கலாம், முதுகின் எழுத்துரு மாறியிருக்கலாம். முத்தொகுதி என்றால், மூன்றும் கைக்கு வந்து சேரும்வரை தொகுப்பு வாங்கிவிட்டதாக எண்ணிக்கொள்ளாதிருப்பது மனநிம்மதிக்கு நல்லது.

பார்சல் சேதமும் இந்தத் தொழிலின் நிரந்தர நோய். நான் சந்தா கட்டியிருந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து வந்த புத்தகத்தின் கீழ்மூலை ஒருமுறை நசுங்கி, அட்டையின் உள்மட்டை வெளியே தெரியும் நிலையில் வந்து சேர்ந்தது. படம் எடுத்து அனுப்பினேன். மறுமொழி மரியாதையாகவும் விரைவாகவும் வந்தது. ஆனால் அச்சிட்ட படிகள் தீர்ந்துவிட்டதால் மாற்றுப் புத்தகம் இல்லை, விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். குறைந்த அளவில் அச்சிடுவதையே விற்பனை வாக்கியமாக வைத்திருக்கும் தொழிலில் இது தவிர்க்க முடியாத விளைவு: அரிய பொருள் என்பதற்காகக் கூடுதலாக வாங்குகிறார்கள், அரிய பொருள் என்பதாலேயே மாற்றித்தர முடிவதில்லை. அட்டைப்பெட்டியின் மூலைகளில் காற்றுப்பை வைத்து அனுப்புகிறார்களா என்பதைச் சந்தா கட்டும் முன்பே மற்ற வாசகர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விளிம்போவியத்தைவிட அது முக்கியம்.

இந்தியாவிலிருந்து வாங்குவோருக்குச் செலவுக் கணக்கு வேறு மாதிரி. இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 நிதிநிலை அறிக்கை 5 விழுக்காடு சுங்கவரி விதித்தது. அது பெரிய சுமையன்று. உண்மையான சுமை அஞ்சல் கட்டணம். அரைக்கிலோவைத் தாண்டும் ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் கடல் கடந்து தனியாக வரும்போது, அனுப்பும் செலவு சில வேளைகளில் புத்தகத்தின் விலையை நெருங்கிவிடுகிறது. லண்டனில் இருக்கும் என் அத்தை மகளின் முகவரிக்குச் சிலவற்றை வரவழைத்து, அவள் ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரச் சொல்வது எனக்கு வழக்கம். அதற்கு அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்: அவள் முதலில் படித்துவிட்டுத்தான் தருவாள். சேகரிப்பாளர்கள் கேட்டால் நடுங்குவார்கள்; எனக்கு அதில் வருத்தமில்லை, அவள் பக்கத்தை மடிக்கிறவள் இல்லை.

வந்து சேர்ந்த பிறகு பராமரிப்பு வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தாள் உப்பி, நிறந்தெளித்த விளிம்புகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும்; ஆண்டுக்கு ஓரிரு முறையாவது எடுத்துப் பக்கங்களை விசிறிவிட வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி தூசியைத் தடுக்கும், ஆனால் காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சையை வளர்க்கும். இராமபாணப் பூச்சிக்கு எது சாதாரணப் பதிப்பு எது சிறப்புப் பதிப்பு என்ற பேதம் கிடையாது. பசையும் மாவும் உள்ள இடத்தைத் தேடிப் போய், ஒட்டுத்தாளின் ஓவியத்தை முதலில் தின்னும். சன்னலோரம் வைத்தால் சிவப்பும் ஊதாவும் முதலில் வெளுக்கும். மேலுறைக்குத் தெளிவான பாலியஸ்டர் உறை போட்டு வைப்பது நல்லது. கடைகளில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் அட்டை காலப்போக்கில் மஞ்சளித்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

நிறந்தெளித்த விளிம்பு இன்று அரிய பொருளும் இல்லை. ஹாரி பாட்டர் முதல் நாவலின் இருபதாம் ஆண்டையொட்டி 2017இல் புளூம்ஸ்பரி பதிப்பகம், கதையில் வரும் பள்ளியின் நான்கு மாணவர் இல்லங்களின் வண்ணத்தில் கோடிட்ட விளிம்புகளோடு வெளியிட்ட பதிப்புகளிலேயே பொதுவாசகர்கள் பலர் இதை முதன்முதலில் பார்த்தார்கள். ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' 2023இல் விளிம்பு அலங்காரத்தோடு வந்து பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அது பெரியவர்களுக்கான நாவல்தான், ஆனால் வாசகர் கூட்டம் இதே கூட்டம். அத்தொடரின் மூன்றாம் நூல் 2025 ஜனவரியில் வெளியான முதல் வாரத்திலேயே 27 லட்சம் படிகள் விற்றன. அதன்பின் பதிப்பகங்கள் சாதாரண முதல் அச்சுக்கே விளிம்பில் நிறம் பூசத் தொடங்கிவிட்டன. லட்சக்கணக்கில் அச்சாகும் ஒன்றைச் சிறப்புப் பதிப்பு என்று அழைத்துக் கூடுதல் விலை கேட்கும் மறுவிற்பனையாளர்களிடம் நிதானமாக இருக்க வேண்டிய காலம் இது.

அப்படியானால் எதற்குப் பணம் செலவிடலாம்? படித்து, பிடித்து, மறுபடி படிப்போம் என்று தெரிந்த நூல்களுக்கு. சாதாரண அட்டையிலோ நூலகத்திலோ மின்னூலாகவோ முதலில் படித்துவிட்டு, ஆண்டு நிறைவையொட்டியோ சேகரிப்பாளர் பதிப்பாகவோ பின்னர் வரும் பதிப்புக்குக் காத்திருப்பதில் நட்டமொன்றும் இல்லை. சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தவர்கள், 1947இல் தொடங்கப்பட்ட லண்டனின் ஃபோலியோ சொசைட்டி என்ற பதிப்பகத்தின் பட்டியலைப் பார்க்கலாம். டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' நாவலுக்கு மரி-அலிஸ் ஹாரெலின் ஓவியங்களோடு அவர்கள் வெளியிட்ட பதிப்பு இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஓவியம் கதையின் ஓட்டத்துக்கு இடையில், உரிய காட்சிக்கு எதிரில் வந்து நிற்கிறது. ஒரு ஃபோலியோ விலைக்கு இரண்டு மூன்று சந்தாப் புத்தகங்கள் வாங்கிவிடலாம் என்பது உண்மைதான்; ஆனால் அந்த மூன்றில் எத்தனையை மறுபடி எடுத்துப் படிப்போம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மறுவிற்பனையில் பழைய படிகளை வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. இந்தச் சந்தையில் படிக்காத புத்தகத்துக்குத்தான் விலை அதிகம். ஒருமுறை படித்த தடம் முதுகில் தெரிந்தால் விலை இறங்கிவிடும். படிப்பதற்காக வாங்குகிற நமக்கு இது வசதியே. ஒருமுறை படித்து, விளிம்பு கலையாமல் இருக்கும் படியைக் கேட்டு வாங்கினால், முதுகு தாங்குமா தாங்காதா என்ற சோதனையை முந்தைய உரிமையாளர் நமக்காக முடித்துத் தந்திருப்பார். விலை பேசுவதற்கு முன் மூன்று படங்கள் கேளுங்கள்: நடுவில் விரித்த நிலையில் முதுகின் உட்புறம், மூடிய நிலையில் மூன்று விளிம்புகளும், சாய்ந்த வெளிச்சத்தில் கையெழுத்துப் பக்கம். விற்பனை விளம்பரங்களில் முன்னட்டையின் படம் மட்டும் விதவிதமான மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருக்கும்; அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.